பாய்மர உச்சியில் ஒரு மஞ்சள் ஒயர்

“நீ கீழ நின்னு ஒயரு குடுத்தா போதும். மேல ஏறுறதுக்குப் பசங்க இருக்காங்க.”

சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் சோலார் கடையின் முதலாளி, நான் சேர்ந்த முதல் வாரத்தில் சொன்னது இது. திட்டிச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எலக்ட்ரிகல் டிப்ளமோ என் கையில் இருந்தது. ஏறுகிற பையன்களில் பாதிப் பேருக்கு அது கிடையாது. இருந்தும் ஊர் ஊராக மாடிகளுக்குக் கீழே அண்ணாந்து நின்று ஒயர் கொடுத்தேன். கழுத்து வலித்ததே தவிர வேறு எதுவும் மாறவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் கடை போன் அடித்தது. எடுத்தது நான். தெற்கத்திப் பேச்சில் ஒரு பெரியவர்: “பாய்மரப் படகும்மா. மரத்து உச்சியில இருக்க லைட்டு எரியல. கடலூர் முதுநகர்ல நிக்கோம். உங்க கடையில இருந்து ஆள் வருவாங்களா?”

முதலாளியிடம் சொன்னேன். “படகெல்லாம் நம்ம லைன் கெடையாது. ஒனக்கு அவ்ளோ ஆசைன்னா லீவு போட்டுட்டுப் போ. எரியலன்னா கடை பேரு வெளிய வரக்கூடாது” என்றார்.

“எரிஞ்சா?”

“எரிஞ்சா பாக்கலாம்.”

“எரிஞ்சாலும் வேணாம் சார். என் பேருலயே இருக்கட்டும்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் பெயரில் நான் செய்யப்போகும் முதல் வேலை அது. ஒழுங்காக முடிந்தால் ஏறுகிற வேலைக்கும் எனக்கும் குறுக்கே இனி யாரும் நிற்க முடியாது. முடியாவிட்டால் காலம் முழுக்க நான் கீழேதான்.

காலை ஆறு மணி, சேத்தியாத்தோப்பு

வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கம், சேத்தியாத்தோப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் என்னைக் கேள்வி கேட்கத் தயங்குவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

“கப்பலுக்கு எதுக்குடி மரத்து உச்சியில வெளக்கு?” என்றாள் அம்மா, டிபன் டப்பாவை மூடிக்கொண்டே. “கீழ வச்சாலாவது தண்ணி தெரியும்.”

“தண்ணியப் பாக்குறதுக்கு இல்லம்மா. இவுங்கள மத்தவங்க பாக்குறதுக்கு.”

“அப்போ பகட்டுக்குத்தான்னு சொல்லு.”

விளக்கிச் சொல்ல நேரமில்லை, பஸ் வந்துவிட்டது. கடையில் வைத்திருந்த என் சாமான்களை முந்தின நாள் சாயங்காலமே எடுத்து வந்திருந்தேன். மீட்டரும், ஒயர் முனைகளை இறுக்கிச் சேர்க்கும் கிரிம்ப் பிளேயரும் என் சம்பளத்தில் வாங்கியவை. இடுப்பு பெல்ட் மட்டும் கூட வேலை செய்யும் பையனிடம் இரவல். அதில் கடைசி ஓட்டைக்கும் அப்பால் எனக்காக ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டுத் தந்திருந்தான்.

காலை எட்டு மணி, கடலூர் பஸ்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். முதுநகர் கடலூருக்கு முன்னாலேயே வந்துவிடும், ஆனால் கண்டக்டர் அதற்காக ஒன்றும் குறைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் பாதிப் பேர் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர்கள். பட்டுப்புடவைகளுக்கு நடுவே என் பேன்ட்டும் தோளில் தொங்கிய பெல்ட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டன. பக்கத்தில் இருந்த அம்மாள் என் பையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“உள்ள என்னாம்மா, மெஷினா?”

“டூல்ஸ் அக்கா. ஒரு படகுல லைட் மாட்டப் போறேன்.”

“ஒங்க வூட்டுக்காரரு போட்ல போறவரா?”

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல.”

“அப்புறம் யாரு போட்டு?”

“யாரோடதோ. நான் மாட்டுறேன், அவ்ளோதான்.”

அவருக்கு இது எந்தக் கணக்கிலும் சேரவில்லை. “எப்பிடியோ, நல்லபடியா எரியட்டும்” என்று கைப்பையிலிருந்து ஒரு துண்டு மல்லிகையை எடுத்து நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டேன். புதுச்சத்திரம் போயிற்று, ஆலப்பாக்கம் போயிற்று. குடிகாடு நெருங்கும்போது தொழிற்பேட்டை நாற்றத்துக்கு அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடிகளை யாரும் சொல்லாமலே எல்லோரும் இறக்கினார்கள். தாண்டியதும் அதேபோல ஏற்றினார்கள். பேச்சு ஒரு வார்த்தைகூட நிற்கவில்லை.

முதுநகரில் இறங்கி ஹார்பருக்கு ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய். மீன் வாங்கவா என்று டிரைவர் கேட்டார். பாய்மரத்து மேல் லைட் மாட்ட என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டினார். இறங்கும்போது மட்டும், “காத்து மதியத்துக்கு மேல ஜாஸ்தியாவும். அதுக்குள்ள ஏறி எறங்கிடு” என்றார்.

காலை பத்து மணி, உப்பனாற்றுத் துறை

நீலமும் சிவப்புமாக, லாஞ்சு என்று இங்கே சொல்லும் விசைப்படகுகள் மூன்று வரிசையாக அணைந்து நின்றன. ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் வாசனை, வலைக் குவியல்கள். இவற்றின் கோடியில் வெள்ளையாக, ஒல்லியாக ஒன்று. பக்கத்து லாஞ்சுகளின் தோள் உயரத்துக்குக்கூட அதன் உடம்பு வரவில்லை. ஆனால் மரம் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. படகின் பெயர் ‘சங்குமணி’. முப்பதடி நீளம், மரத்தின் உச்சி தண்ணீரிலிருந்து நாற்பதடிக்கு மேல். மரம் என்பது பேச்சுக்குத்தான், உண்மையில் அது அலுமினியக் குழாய். ஒயர் அதற்குள்ளேயே ஓடுகிறது.

படகுக்காரர் ராஜன் சார் தூத்துக்குடிக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி எமிலி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். மேடம் என்று கூப்பிட்டேன். “மேடம் எல்லாம் ஸ்கூலோட போச்சு. அக்கான்னு சொல்லு” என்றார். சென்னையில் வாங்கிய படகை இருவருமாக ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மாமல்லபுரம் தாண்டிய இரவில் பறவை ஏதும் மோதியதோ என்னவோ, உச்சி விளக்கின் கூடு உடைந்து உள்ளே உப்புத்தண்ணீர் இறங்கிவிட்டது.

அங்கே ஒரே கூட்டுக்குள் இரண்டு விளக்குகள். பாய் விரித்து இரவில் ஓடும்போது போடுவது ஒன்று: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. நங்கூரம் போட்டு நிற்கும்போது போடுவது இன்னொன்று, அது சுற்றிலும் வெள்ளை. பாதி மரத்தில் தனியாக மூன்றாவதாக ஒன்று, எஞ்சின் ஓடும்போது முன்பக்கம் மட்டும் தெரியும் வெள்ளை. எதிரே இருட்டில் வருகிற லாஞ்சுக்காரருக்கு இந்த நிறங்கள்தான் பேச்சு. சிவப்பு தெரிந்தால் படகின் இடப்பக்கத்தைப் பார்க்கிறார், பச்சை தெரிந்தால் வலப்பக்கம், இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது நேராக அவரை நோக்கி வருகிறது. கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே இரவில் நூற்றுக்கணக்கில் படகுகள் தொழில் செய்யும் இடத்தில் விளக்கில்லாமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி பிறந்தால் காற்று தெற்கிலிருந்து எதிர்த்து அடிக்கத் தொடங்கிவிடும் என்று அவர்களுக்கு அவசரம் வேறு. மறுநாள் விடியற்காலை கிளம்பியாக வேண்டும்.

புது எல்.இ.டி. விளக்கு கூரியரில் வந்து, அதை மாட்டியும் ஆகிவிட்டது. மாட்டியவர் ஏழுமலை அண்ணன், இந்தத் துறையில் லாஞ்சுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். விளக்கு எரியவில்லை.

“பல்பு டூப்ளிகேட்டு” என்றார் அவர். நான் வந்த விஷயம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. “கரண்டு நல்லா வருது, நான் பாத்துட்டேன். சைனா பல்பு. அத யாரு வந்தாலும் எரிய வைக்க முடியாது. சரி, ஒன் கூட யாரு வந்துருக்காங்க, மேல ஏற?”

“யாரும் வரல. நான்தான் ஏறுறேன்.”

“பேரு என்னா?”

“இளவரசி.”

“சரியாப் போச்சு. மச்சான்,” பக்கத்து லாஞ்சில் வலை தைத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார், “இளவரசிக்குப் பல்லக்கு ரெடி பண்ணணுமாம், வா.”

பல்லக்கு என்று அவர் சொன்னது பலகை வைத்துக் கெட்டித் துணியில் தைத்த ஓர் இருக்கை. ஊஞ்சலில் உட்காருவதுபோல அதில் உட்கார வேண்டும். பாய் ஏற்றும் கயிற்றில் அதைக் கட்டி, கீழே வின்ச் என்கிற கயிறிழுக்கும் உருளையைச் சுற்றச் சுற்ற ஆள் மேலே போகும். முதல் கயிறு அறுந்தால் பிடித்துக்கொள்ள இரண்டாவது கயிறு பெல்ட்டில். வின்ச்சில் எமிலி அக்கா நின்றார். இரண்டாவது கயிற்றை ஏழுமலை அண்ணன் எடுத்துக்கொண்டார். ராஜன் சாருக்குத் தோளில் வலி, அதனால் உத்தரவு போடும் வேலை அவருக்கு. ஸ்க்ரூடிரைவர், பிளேயர், கத்தி எல்லாவற்றையும் தனித்தனியாகச் சணலில் கட்டி இருக்கையோடு முடிந்துகொண்டேன். மேலேயிருந்து நழுவும் பிளேயர் கீழே நிற்பவர் தலைக்கு வரும்போது அது பிளேயராக இருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏறுவதற்கு முன் நான் மீட்டரை வைத்துப் பார்க்கவில்லை. அண்ணன் பார்த்துவிட்டாரே என்று சொல்லிக்கொண்டேன். நிஜம் வேறு: துறையில் இருபது பேர் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அவர்கள் கண் முன்னால் மேலே போய்விட வேண்டும் என்பதுதான் எனக்கு அவசரம்.

பாதி மரத்தில் நிறுத்தச் சொன்னேன். அந்த விளக்கில் கோளாறு சின்னது. பல்பு நல்ல பல்பு, ஹோல்டரின் பித்தளை நாக்கு உப்புப் பூத்துப் பச்சையாகியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துக் கிரீஸ் தடவி மாட்டியதும் எரிந்தது. கீழே யாரோ விசில் அடித்தார்கள். அந்த விசிலின் தெம்பில் உச்சிக்குப் போனேன்.

உச்சியில் நிற்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு முழங்காலாலும் குழாயைக் கவ்விக்கொண்டுதான் கைகளை விடுவிக்க முடியும். ஆற்றில் ஒரு ஃபைபர் போட் போனால் கீழே படகு சும்மா தலையாட்டுகிறது, மேலே அதே ஆட்டம் ஒரு ஆள் நீளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுகிறது. கிழக்கே முகத்துவாரம், அதற்கப்பால் கடல். வடக்கே ஆற்றோரக் குப்பங்கள். தெற்கே சிதம்பரத்துக் கோபுரம் இத்தனை தூரத்துக்குத் தெரியாது என்று தெரிந்தும் ஒரு தரம் பார்த்தேன்.

விளக்கைக் கழற்றி, நான் கொண்டுபோன சின்ன பேட்டரியில் தொட்டேன். சிவப்பும் பச்சையும் வெயிலிலேயே பளிச்சென்று எரிந்தன.

“பல்பு நல்ல பல்புண்ணே” என்று கத்தினேன்.

ஏழுமலை அண்ணனின் இணைப்பைப் பிரித்தபோது சிரிப்பு வந்தது. கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் ஒயரைக் குழாயின் உலோகத்திலேயே ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தார். லாரியிலும் லாஞ்சிலும் அது நடக்கும், பாடியே ரிட்டர்ன். இந்தப் படகில் மரத்துக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. பிறகு எப்படி எரியும்?

மரத்துக்குள்ளிருந்து வந்த கேபிளில் மூன்று ஒயர்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம். தமிழ்நாட்டில் எலக்ட்ரிகல் படித்த யாரையும் தூக்கத்தில் எழுப்பி மூன்று நிறம் கேட்டால் இந்த வரிசையில்தான் சொல்வார்கள். ஆர், ஒய், பி. மூன்று பேஸ். அங்கே மஞ்சள் என்றால் கரண்டு இருக்கிறது, கை வைக்காதே என்று அர்த்தம். ஆனால் இங்கே பேட்டரி, இரண்டு விளக்கு, ஒரு ரிட்டர்ன். அப்படியானால் ரிட்டர்ன் எது? மிக்ஸி ஒயரில் நீலம்தானே நியூட்ரல் என்று எனக்குள் ஒரு குரல் படித்த திமிரோடு சொன்னது. சிவப்பை ஓடும் விளக்குக்கும் மஞ்சளை நங்கூர விளக்குக்கும் நீலத்தை ரிட்டர்னுக்கும் கொடுத்தேன். கிரிம்ப் அடித்து, இணைப்பின் மேல் போட்ட பிளாஸ்டிக் ஸ்லீவைச் சூடுகாட்டிச் சுருக்கி, டேப் சுற்றி, ஸ்க்ரூ முறுக்கி, “போடுங்க சார்” என்றேன்.

ராஜன் சார் ஒரு சுவிட்சைப் போட்டார். இல்லை. அடுத்ததைப் போட்டார். இல்லை. இரண்டையும் போட்டார்.

“எறக்கட்டுமா, இளவரசி?” என்று ஏழுமலை அண்ணன் கேட்டார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

மதியம் இரண்டு மணி

கீழே வந்து கால் தளத்தில் பட்டபோது யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. எமிலி அக்கா தண்ணீர் கொடுத்தார். ராஜன் சார் கையில் போன். “நான் மெட்ராஸ்ல ஒரு ஆள் கிட்ட கேட்டேன். நாளைக்கழிச்சு வாரேன்னு சொல்லுதார். நீ வெசனப்படாதம்மா. வந்த செலவு நான் தந்திருதேன்.”

“நாந்தான் அப்பவே சொன்னேன்” என்றார் ஏழுமலை அண்ணன். “டூப்ளிகேட்டு.”

“எரியிறத நான் கண்ணால பாத்தேன்.”

“பாத்த. அப்புறம் ஏன் எரியல?”

“அதான் பாக்கப் போறேன். ஒரு நிமிஷம் சும்மா இருங்கண்ணே.”

மரத்தின் அடியில் தளத்தோடு ஒயர் சேரும் பிளக்கைக் கழற்றி, காலையிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நங்கூர விளக்கின் சுவிட்சைப் போடச் சொல்லி, மீட்டரின் சிவப்பு முள்ளை மஞ்சளிலும் கறுப்பு முள்ளை நீலத்திலும் வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. நன்றாகத்தானே வருகிறது என்று எடுக்கப் போனவள் நின்றேன். எண்ணுக்கு முன்னால், கண்ணாடியின் ஓரத்தில், மயிர் மாதிரி ஒரு சின்னக் கோடு. மைனஸ்.

அதாவது நான் கரண்டு என்று நினைத்தது ரிட்டர்ன், ரிட்டர்ன் என்று நினைத்தது கரண்டு. இந்தப் படகை ஒயரிங் செய்தவர்களுக்கு மஞ்சள்தான் ரிட்டர்ன். பழைய பல்பாக இருந்தால் எந்தப் பக்கம் கொடுத்தாலும் நங்கூர விளக்காவது எரிந்திருக்கும். எல்.இ.டி. அப்படியில்லை, தலைகீழாகக் கொடுத்தால் வாய் திறக்காது.

“அண்ணே, நீங்க மஞ்சள என்னான்னு நெனச்சீங்க?”

“வொய் பேஸு. வேற என்னா?”

“நானும்தான்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ஐ.டி.ஐ., நான் பாலிடெக்னிக். ஒரே பாட்டைத்தான் இரண்டு இடத்திலும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். முதல்முறையாக அவர் சிரித்தார்.

அந்தப் பிளக்கிலேயே மஞ்சளையும் நீலத்தையும் இடம் மாற்றிச் சொருகினேன். சுவிட்சைப் போட்டதும் உச்சியில் வெள்ளை எரிந்தது. அடுத்த சுவிட்சுக்குச் சிவப்பும் பச்சையும். துறையில் இருந்தவர்கள் கையைக் கண்ணுக்கு மேல் குவித்துப் பார்த்தார்கள். ராஜன் சார் மெட்ராஸ்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னார். எமிலி அக்கா என் முதுகில் தட்டினார். எல்லாம் முடிந்துவிட்டது. பையைக் கட்டிக்கொண்டு நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்.

பிடிக்க மனசு வரவில்லை. கீழே மஞ்சளும் நீலமும் மாறியிருக்கின்றன, மேலேயும் மாறியிருக்கின்றன. தப்பும் தப்பும் சேர்ந்து விளக்கு எரிகிறது. அடுத்த வருஷம் தூத்துக்குடியில் யாரோ ஒருவர் இந்தப் பிளக்கைத் திறந்து, இதென்ன கோளாறு என்று நிறத்தைச் சரிசெய்வார். உச்சியில் விளக்கு அணையும், அநேகமாக நடுக்கடலில் ஓர் இரவில். அதுகூடப் பரவாயில்லை என்று என் கெட்ட மனசு சொன்னது. ஆனால் மேலே ஏறிப் பிரித்துப் பார்க்கிறவர், “யாருடா இத மாட்டுனது?” என்று கேட்பாரே. ஒரு பொண்ணு என்று பதில் சொல்வார்கள். அப்புறம் அவர் வேறு எதையும் கேட்க மாட்டார்.

“சார், நான் இன்னொரு வாட்டி மேல போவணும்.”

“எதுக்கு? அதான் எரியிதுல்லா?”

“எரியுது. சரியா இல்ல.”

விளக்கிச் சொன்னேன். ராஜன் சார் மரத்து உச்சியில் துடித்துக்கொண்டிருந்த சின்னக் கொடியைக் காட்டினார். “காத்து ஏறிட்டு. லாஞ்சு எல்லாம் திரும்புற நேரம். வேண்டாம்மா. ஒரு பேப்பர்ல எழுதிக் குடு, மஞ்சளும் நீலமும் மாறியிருக்குன்னு. நான் பத்திரமா வச்சிக்கிடுதேன்.”

“பேப்பரு படகுலேந்து காணாமப் போவும் சார். ஒயரு போவாது.”

“வுடும்மா” என்றார் ஏழுமலை அண்ணனும். “எவனும் மேல ஏறிப் பாக்கப் போறதில்ல. நாங்க மாட்டுனதெல்லாம் இப்பிடித்தான் ஓடுது.”

“நீங்க மாட்டுனா, தெரியாமப் பண்ணிட்டான்னு வுட்ருவாங்கண்ணே. எனக்கு அப்பிடி வுட மாட்டாங்க. இது என் பேருல போற வேல. கயிறு புடிக்க முடியுமா, முடியாதா?”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எமிலி அக்கா வின்ச் கைப்பிடியை எடுத்து அதன் இடத்தில் சொருகினார். “ஏறுதியா? ஏறு. நான் இழுக்கேன். இவுக உத்தரவு நமக்கு எதுக்கு?”

ராஜன் சார் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தோள்வலியை மறந்து இரண்டாவது கயிற்றைத் தானே எடுத்தார். அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டவர் ஏழுமலை அண்ணன். “நீங்க வேற, சார். புள்ளைய போட்டுறாதீங்க.”

முதல் தடவையைவிட இது மோசமாக இருந்தது. காற்று பலகையை மரத்தைச் சுற்றித் திருப்பியது. பாதியில் ஒரு லாஞ்சு முழு வேகத்தில் ஆற்றுக்குள் நுழைந்தது. ஏழுமலை அண்ணன் கயிற்றை விடாமலே அதைப் பார்த்துக் கத்தியதை இங்கே எழுத முடியாது. லாஞ்சு வேகம் குறைத்தது. ஆனாலும் அதன் அலை வந்து சேர்ந்தபோது நான் மரத்தைவிட்டு வெளியே வீசப்பட்டுத் திரும்ப வந்து முழங்காலால் மோதினேன். மோதிய இடத்தின் ஊதா நிறம் இன்னும் போகவில்லை.

“எறங்கிடுறியா?” கீழேயிருந்து ஒரு குரல்.

“இல்ல. இழுங்க.”

உச்சியில் பழைய ஸ்லீவை வெட்டி எடுத்தேன். நீலத்தை நங்கூர விளக்குக்குக் கொடுத்தேன், மஞ்சளை ரிட்டர்னுக்குக் கொடுத்தேன். லைட்டர் காற்றில் நிற்கவில்லை. சட்டைக் காலரைத் தூக்கி அதற்குள் முகத்தையும் ஒயரையும் வைத்து ஸ்லீவைச் சுருக்கினேன். கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டேன், தண்ணீர் வந்தால் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வெள்ளை டேப்பில் ஒரு சுற்று சுற்றி, அழியாத மையால் எழுதினேன்: மஞ்சள் ரிட்டர்ன். அதன் கீழே என் பெயர், போன் நம்பர். எழுத்து கோணலாகத்தான் வந்தது. பெயர் தெளிவாக இருந்தது.

நான் மேலே இருக்கும்போதே ஏழுமலை அண்ணன் இரண்டாவது கயிற்றைத் தன் மச்சானிடம் கொடுத்துவிட்டுக் கீழே பிளக்கைப் பழையபடி மாற்றினார். “வொய் பேஸ ரிட்டர்னு கருப்பு மாதிரி போட்டுட்டேன்” என்று மேலே பார்த்துச் சொன்னார். சுவிட்ச் போட்டார்கள். எல்லாம் எரிந்தது.

மாலை ஆறரை மணி

இருட்டிய பிறகு பார்க்காமல் போகக்கூடாது என்று அண்ணன் தன் ஃபைபர் போட்டில் என்னை ஏற்றி, சங்குமணியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார். இடப்பக்கம் சிவப்பு. படகின் மூக்குக்கு நேரே வந்தபோது சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில். வலப்பக்கம் பச்சை மட்டும். பின்னால் போனதும் வெள்ளை. ஒரு நிறம் போய் இன்னொன்று வருகிற இடம் கத்தியால் வெட்டினதுபோல இருந்தது. எங்கள் தெருவில் கம்பத்து விளக்கு நாம் தரையைப் பார்ப்பதற்கு எரிகிறது. கடலில் மனிதர்கள் தாங்கள் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, பிறர் பார்ப்பதற்காக உச்சியில் விளக்கை ஏற்றி வைக்கிறார்கள். நான் இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் போகிறேன், இடித்துவிடாதே. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

“அடுத்த வாட்டி நம்ம லாஞ்சு எதுனா வந்தா கூப்புடுறேன்” என்றார் அண்ணன், எஞ்சினை நிறுத்திக்கொண்டே. “அங்க பாடி ரிட்டர்னு. அத மறந்துடாத.”

சிதம்பரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முழங்கால் மடங்கவில்லை, நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் இந்த ரோட்டில் வந்தபோது எனக்கு உயரம் என்றால் ஏறிக் காட்டுவது. திரும்பும்போது அது ஒரு கெட்டியான இணைப்பு, சரியான நிறத்தில். நாலு நாளில் எமிலி அக்கா நாகப்பட்டினத்தைத் தாண்டி ஏதோ ஒரு துறையிலிருந்து போன் செய்தார். ராத்திரி ஒரு லாஞ்சு எதிரே வந்து, தானாக விலகிப் போனதாம். பாண்டிச்சேரியில் அவர்களுக்குத் தெரிந்த ஒருவரின் படகில் இதைவிட உயரமான மரத்தில் இதே கோளாறு இருப்பதாகவும், என் நம்பரைக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.

அன்றே அவர் கூப்பிட்டு, மறுநாள் வரச் சொன்னார். முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று முதலில் நினைத்தேன். கடை திறக்க ஒன்பது மணியாகும். முதல் பஸ் ஐந்தேகாலுக்கு. கடலூர் பஸ் ஸ்டாண்டில் மாறி, பாண்டிச்சேரி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதுவரை எழுதினபோது போன் வந்தது. பாண்டிச்சேரிக்காரர்.

“மரம் அம்பதடிம்மா. மேல ஏற ஆளு நான் இங்க ஏற்பாடு பண்ணணுமா?”

“வேணாம் சார். கயிறு புடிக்க மட்டும் ரெண்டு பேர நிறுத்துங்க. நான் பெண்ணையாத்துப் பாலம் தாண்டிட்டேன்.”